புது ஆளு ஏன் ரெண்டாவது ஞாயித்துக்கெழம வரமாட்டேங்குறாரு?

தக்கலை பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, நாங்க எட்டுப் பேரு ஞாயித்துக்கெழம காலைல பறவை பாக்க போறோம், புத்தளம் உப்பளம் பக்கம்தான் அதிகமா. புதுசா ஆளுங்க ஆசையா வர்றாங்க, ஒரு தடவையோட சரி, அப்புறம் எட்டிப் பாக்குறதே இல்ல. நாங்க யாரையும் ஒண்ணும் சொல்றதும் இல்ல. என்ன பண்ணலாம்?"

தம்பி, உப்பளம்னு படிச்சதுமே எனக்கு பாதி வெளங்கிப்போச்சு. நமக்கு அது கொள்ளாம், புது ஆளுக்கு அங்க என்ன இருக்கு? நிழல் கெடையாது, வெள்ளை வெளேர்னு கண்ணு கூசும், தூரத்துல சேத்து நெறத்துல நாப்பது குருவி ஓடும், நீங்க இது கொசு உள்ளான் அது பொரி உள்ளான்னு சொல்லுவீங்க, அவருக்கு எல்லாமே ஒரே குருவி. உள்ளானப் பிரிச்சுப் பாக்க எனக்கே மூணு சீசன் ஆச்சு, அதுவும் இப்பவும் சில நாளு தப்பா சொல்லிட்டு சத்தமில்லாம மாத்திக்குவேன்.

மொத தடவை சுசீந்திரம் குளத்துக்கோ தேரூருக்கோ கூட்டிட்டு போங்க. கன்னியாகுமரி ரோட்டோரமா நின்னாலே கூழைக்கடா, சங்குவளை நாரை, பாம்புத்தாரான்னு பெருசு பெருசா தெரியும் (வண்டி பறக்குற ரோடு, சின்னப் பிள்ளைங்க வந்தா கையப் பிடிச்சுக்கோங்க). 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேந்த எடம் அது, நம்ம வேம்பனூர் குளமும் அதே வருசம்தான். ஆனா அதச் சொல்லி ஆரம்பிக்காண்டாம், யாருக்கும் அதுல ருசி இருக்காது. நீர்க்காகம் றெக்கைய விரிச்சு வெயில்ல காயப்போட்டு நிக்கும் பாருங்க, அத காட்டுங்க. அதோட றெக்கை தண்ணில நல்லா நனையும், அதனாலதான் முங்கி மீன் பிடிக்க ஈஸி, அதனாலதான் வெளிய வந்து இப்படி காய வைக்கணும்னு சொல்லுங்க. வேம்பனூர் போனா எல மேல நடக்குற நீளவால் இலைக்கோழி. முட்டைய அடைகாத்து குஞ்சப் பாத்துக்குறது ஆண்தான், பெண்ணு அடுத்த ஜோடியத் தேடிப் போயிரும்னு சொன்னீங்கன்னா கூட வந்த அக்காமாரு சிரிக்கிற சிரிப்புல பாதி பறவை பறந்துரும். டிசம்பர்ல போனா அந்த நீள வாலு இருக்காது, அத முன்னாடியே சொல்லிருங்க, இல்லன்னா ஏமாந்துருவாங்க.

அடுத்தது பைனாகுலர், என் கணக்குல இதுதான் ஆள ஓட்டுற மெயின் விஷயம். நீங்க கழுத்துல இருந்து கழட்டி அவர் கைல குடுக்குறீங்க, "தெரியுதா?"ன்னு கேக்குறீங்க, அவரு "ஆமா ஆமா, சூப்பர்"ங்கறாரு. தெரியலை தம்பி, ரெண்டு கருப்பு வட்டந்தான் தெரிஞ்சிருக்கும். நானும் என் மொத நாளு முழுக்க இப்படி பொய்தான் சொன்னேன், வீட்டுக்கு வரும்போது தலைவலி மட்டுந்தான் மிச்சம்.

அதனால மொத பத்து நிமிசம் பறவையே வேண்டாம். சுசீந்திரம் கோபுரம் தெரியுற எடமாப் பாத்து நின்னு அதுல ஒரு பொம்மையக் காட்டுங்க, அது பறக்காது, அவசரமே இல்ல. ரெண்டு குழாயையும் மடக்கி விரிச்சு ஒரே வட்டமா தெரியற வரைக்கும் வைக்கச் சொல்லுங்க. வலது பக்கத்த மூடிட்டு நடு வீலத் திருப்பி இடது கண்ணுக்கு தெளிவாக்கணும், அப்புறம் இடது பக்கத்த மூடிட்டு வலது கண்ணு பக்கம் இருக்குற வளையத்த திருப்பணும், அதுக்கப்புறம் அந்த வளையத்த தொடவே வேண்டாம், நடு வீலு மட்டும் போதும். கண்ணாடி போட்டவங்கன்னா கண்ணு வைக்கிற ரப்பர் கப்ப உள்ள எறக்கி விடணும், இத யாருமே சொல்லிக் குடுக்குறதில்ல. அப்புறம் முக்கியமா, பறவைய வெறுங்கண்ணால பாத்துக்கிட்டே, பார்வைய எடுக்காம, பைனாகுலர கண்ணுக்குக் கொண்டுவரணும். குனிஞ்சு பைனாகுலரப் பாத்தா போச்சு, பறவை எங்கன்னு மறுபடி தேடணும். குரூப்புக்கு ஒண்ணு வாங்குறதா இருந்தா எட்டு மடங்கு காட்டுறது, 42 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ளது போதும், அதுக்கு மேல போனா புது கைக்கு ரொம்ப ஆடும். எடம் சொல்றதுக்கும் "அந்தா அங்கன"ன்னு கைய நீட்டாதீங்க, "ரெட்டத் தென்னைக்கு அடில, ஒரு கை வலது பக்கம்"னு சொல்லுங்க.

நாங்க ஒண்ணும் சொல்றதில்லன்னு எழுதிருக்கீங்க பாத்தீங்களா, அதுவும் பிரச்சனைதான். எட்டு பேரும் இங்கிலீஷ் பேரா அடுக்கிட்டு, லென்சு வெல பேசிட்டு நடக்கும்போது அந்த மனுசன் பின்னாடி தனியா வருவாரு. ஒருத்தர் அன்னைக்கு லிஸ்ட் போடாண்டாம், போட்டோ எடுக்காண்டாம், புது ஆளு கூட மட்டும் நடக்கட்டும், வாராவாரம் ஆள மாத்திக்கோங்க. அவரு மடையானப் பாத்து கொக்குன்னு சொன்னா திருத்தாண்டாம், பறக்கும்போது றெக்கையப் பாருங்கன்னு மட்டும் சொல்லுங்க, உக்காந்திருக்கும்போது மண்ணு நெறத்துல இருந்தது திடீர்னு வெள்ளையா விரியும், அவரே கேப்பாரு.

மெசேஜ்ல "காலை 6, தேரூர்"னு மட்டும் போடாதீங்க. எந்த ஸ்டாப்புல எறங்கணும், எவ்வளவு தூரம் நடை, எத்தன மணிக்கு முடியும், பக்கத்துல பாத்ரூம் இருக்கா, இதெல்லாம் எழுதுங்க. பெண்கள் வராததுக்கு பாதி காரணம் அந்த பாத்ரூம்தான், கேக்க கூச்சப்பட்டு வராமலே இருந்துருவாங்க. முட்டுவலி உள்ள பெரியவங்களுக்கு ஒரு மடக்கு ஸ்டூலு போதும், கொளத்தங்கரைல ஒரே எடத்துல உக்காந்தாலே இருபது வகை பாத்துரலாம்.

முடிஞ்சதும் டீக்கடைல ரசவடை சாப்பிடும்போதே அவரு போன்ல இ-பேர்ட் (பாத்த பறவைய பதிஞ்சு வைக்கிற ஆப்) கணக்கு ஒண்ணு ஆரம்பிச்சு குடுத்து, அன்னைக்கு லிஸ்ட்ட அவருக்கும் ஷேர் பண்ணி விடுங்க. அவரு பேர்ல முதல் லிஸ்ட் அங்கயே ஏறிரும், வீட்டுல போயி காட்டுவாரு. பொங்கல் சமயத்துல பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், பதினஞ்சு நிமிசம் மொட்டை மாடில நின்னு எண்ணுனாலே போதும், அத இப்பவே சொல்லி வையுங்க.

உப்பளத்துக்கு மூணாவது நாலாவது தடவை கூட்டிட்டு போங்க, தொப்பியும் தண்ணியும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அன்னைக்கு பூநாரை நின்னா உங்க லக்கு.