கேட்ட கைடு கிடைக்கவில்லை, என்ன செய்வது?

கேள்வி: அரூர் பக்கத்துக் கிராமம் எனக்கு. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு, எங்கள் மாவட்டத்து நடுகற்களை ஆராயலாம் என்று பிஎச்.டி.யில் சேர்ந்திருக்கிறேன். கல்வெட்டு படிக்கத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் எங்கள் துறையில் இருக்கிறார். அவரிடம்தான் சேர்வேன் என்று நினைத்திருந்தேன், நேர்முகத்திலும் அதையே சொன்னேன். ஆனால் கைடு (நெறியாளர்) ஒதுக்கீட்டுப் பட்டியலில் நாட்டுப்புறவியல் எடுக்கும் மேடத்தின் பெயர் வந்திருக்கிறது. சாருக்கு இன்னும் இரண்டு வருட சர்வீஸ்தான் என்கிறார்கள். மேடம் ரொம்பக் கண்டிப்பு என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். இன்னும் போய்ப் பார்க்கவில்லை. கைடு மாற்றம் கேட்கட்டுமா, தலைப்பையே மாற்றிக்கொள்ளட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். முதலில் மேடத்தைப் போய்ப் பாருங்கள். பட்டியல் வந்தும் நீங்கள் தலைகாட்டவில்லை என்பது அவருக்குத் தெரியும். காரணத்தையும் ஊகித்திருப்பார். கல்லூரித் துறைகளில் எந்த ரகசியம் தங்கியது?

உங்களை யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி, ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக சர்வீஸ் உள்ளவர் புதிதாக ஆய்வாளரை எடுக்கக் கூடாது. அதோடு பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 என்று உச்சவரம்பும் இருக்கிறது. யாரிடம் இடம் காலியாக இருக்கிறதோ அவருக்குத்தான் ஒதுக்க முடியும். சார் ஆசைப்பட்டிருந்தாலும் உங்களை எடுத்திருக்க முடியாது. இதை நேர்முகத்திலேயே யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது துறையின் தப்பு.

சரி, கல்வெட்டுக்கும் மேடத்துக்கும் சம்பந்தமில்லை என்ற உங்கள் எண்ணத்துக்கு வருகிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் வேடியப்பன் கோயில்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல இடங்களில் சாமியாக நிற்பது பழைய நடுகல்தான். பல்லவர் காலத்தில் ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு வட்டெழுத்தில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், பொறித்து நட்ட கல்லுக்கு இன்றைக்கு மஞ்சள் பூசிப் பொங்கல் வைக்கிறார்கள். ‘தொறு மீட்டுப் பட்டான்’ (பசுக்கூட்டத்தை மீட்டு இறந்தான்) என்று கல்லில் இருப்பதைப் படிப்பது கல்வெட்டுக்காரர் வேலை. பட்டவன் எப்படிச் சாமியானான், எந்தக் குடும்பம் முதல் படையல் வைக்கிறது, என்ன நேர்த்திக்கடன், என்ன கதை சொல்கிறார்கள் என்பதெல்லாம் யாருடைய வேலை? நாட்டுப்புறவியல்காரருடையது. தொல்காப்பியமே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று கல் நடும் முறையை ஒரு சடங்கு வரிசையாகத்தான் சொல்கிறது. தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் இறந்தபின் ஔவை பாடிய புறநானூற்று 232ஆம் பாட்டிலும் நடுகல்லுக்குப் பீலி (மயில் இறகு) சூட்டிச் சிறு கலத்தில் கள் படைப்பது வருகிறது. படையலை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் உங்கள் ஆய்வு பாதிதான்.

மேடத்திடம் உங்களுக்குக் கிடைக்காதது வட்டெழுத்துப் பயிற்சியும் மைப்படி (கல்லெழுத்தை மை தடவித் தாளில் பதிவது) எடுக்கும் பழக்கமும். உண்மையான குறைதான், ஆனால் வெளியே கற்றுக்கொள்ளக்கூடிய குறை. தொல்லியல் துறை இந்தப் பகுதி நடுகல் கல்வெட்டுகளைப் பதிப்பித்திருக்கிறது. அந்தப் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் கற்களின் முன்னால் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் பழகுங்கள். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். இன்னொரு கல்லூரியில் கல்வெட்டு தெரிந்தவர் இருந்தால், துணை நெறியாளராகச் சேர்க்க விதியில் இடமுண்டு. ஆனால் அந்தப் பெயரை மேடமே சொல்லும்படி பேச்சைக் கொண்டுபோவது உங்கள் சாமர்த்தியம்.

சாரிடம் போய்க் கற்றுக்கொள்ளலாமா? தாராளமாக. மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். கேட்காமல் தினமும் அவர் அறையில் உட்கார்ந்தால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடும். அப்புறம் இரண்டு பேருக்கும் இடையில் ஏற்கெனவே ஏதாவது மனத்தாங்கல் இருந்தால், அதன் பலன் உங்கள் ஃபைலில்தான் தெரியும்.

கண்டிப்பு என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒரு கைடிடம் பார்க்க வேண்டியது, கொடுத்த இயல் எத்தனை நாளில் திருத்தி வருகிறது என்பதுதான். சீனியர்களிடம் ‘மேடம் திட்டுவாரா’ என்று கேட்காதீர்கள். ‘சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுத்து எத்தனை மாதத்தில் கையெழுத்தானது, அவரிடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் வைவா (வாய்மொழித் தேர்வு) முடித்தார்கள்’ என்று கேளுங்கள். படிப்புக்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். இனிக்க இனிக்கப் பேசிவிட்டு ஃபைலை மேஜையில் தூங்கவிடுகிறவரிடம் மாட்டினால் ஆறும் போதாது.

கைடு மாற்றம் இல்லாத வழியல்ல. இரண்டு நெறியாளர்களின் சம்மதம், துறைத்தலைவர், பல்கலைக்கழகம் என்று கடிதம் நடக்க வேண்டும். ஒருவரைப் பார்க்காமலேயே அதைக் கேட்டால் காரணம் என்று என்ன எழுதுவீர்கள்? செமஸ்டருக்கு ஒருமுறை ஆய்வுக் குழு முன்னால் நீங்கள் பேச வேண்டியிருக்கும். ஒரு வருடம் கழித்தும் எழுதியது திரும்பி வரவில்லை என்றால் அங்கே தேதியோடு சொல்லுங்கள். வீட்டு வேலை, பணம் என்று ஏதாவது கேட்டால் மட்டும் ஒரு வருடம் பொறுக்க வேண்டாம், உடனே துறைத்தலைவரிடம் போங்கள்.

இந்த வாரம் போகும்போது கையில் ஒரே ஒரு பக்கம் கொண்டுபோங்கள். உங்கள் ஊரைச் சுற்றி நீங்களே பார்த்த நடுகற்கள் இரண்டு மூன்று, அவை எங்கே இருக்கின்றன, யார் கும்பிடுகிறார்கள், அவ்வளவு போதும். தலைப்பின் சொற்களைப் பற்றி அன்றைக்கே மல்லுக்கட்ட வேண்டாம். மாதத்தில் எத்தனை முறை பார்க்கலாம், களப்பணிக்கு எப்போது கிளம்பலாம் என்று மட்டும் கேட்டுவிட்டு, சேர்க்கை அறிக்கையில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.