சுடுவதற்கு முன்பே ஒதுக்குவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். ஞாயிறுதோறும் வீட்டிலேயே ரொட்டி சுட்டு, ஆராதனை முடிந்து வந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை சுடும் ஹல்லா ரொட்டியைப் பற்றிப் படித்து நானும் பின்னல் போட்டுப் பார்த்தேன். அரை கிலோ மைதா, கால் லிட்டர் தண்ணீர், இரண்டு முட்டை, 14 கிராம் ஈஸ்ட். பின்னிய கையோடு 200 டிகிரியில் வைத்தேன். பக்கவாட்டில் பிளந்துவிடுகிறது, மேலே கருகுகிறது, நடுவில் பச்சை மாவு.

இன்னொன்று. சாப்பாட்டு ஜெபம் எங்கள் வீட்டில் வாய்ப்பாடு போல ஆகிவிட்டது. அவர்கள் மாவைப் பிரித்து வைத்துச் சொல்லும் ஜெபத்தை நாமும் செய்யலாமா? அத்தை வேறு, "ஓய்வுநாளில் அடுப்படியில் என்ன வேலை?" என்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் ரொட்டி. உங்கள் அளவுகளிலேயே பாதிக் காரணம் இருக்கிறது. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். இரண்டு முட்டையையும் கால் லிட்டர் தண்ணீரையும் சேர்த்தால் அரை கிலோ மாவில் ஏறத்தாழ 325 கிராம் ஈரம். ரொட்டிக்கென்றே அரைத்த மாவு அதைத் தாங்கும். நம் கடை மைதாவில் மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதம் குறைவு, பின்னல் படுத்துவிடும். 170 மில்லி தண்ணீரோடு நிறுத்துங்கள். 60 மில்லி எண்ணெய், 60 கிராம் சர்க்கரை, 9 கிராம் உப்பு. வெண்ணெய் வேண்டாம், யூத வீடுகளில் இறைச்சியோடு பால் சேராது என்பதால் இந்த ரொட்டிக்கு எண்ணெய்தான், அந்த மென்மையே எண்ணெயால் வருவது. உலர் ஈஸ்ட் 5 கிராம் போதும். 14 கிராம் போட்டால் உங்கள் ஊர் வெக்கையில் மாவு அரை மணி நேரத்தில் பொங்கி, கள் வாசம் அடித்து, வெந்தபின் உதிரும்.

பன்னிரண்டு நிமிடம் பிசைந்து மூடி வையுங்கள். கடிகாரத்தை நம்பாமல் பாத்திரத்தைப் பாருங்கள். இரு மடங்கானால் போதும். 32 டிகிரியில் அது முக்கால் மணி நேரத்திலேயே ஆகிவிடலாம்.

பிளப்புக்குக் காரணம், பின்னிய பிறகு மாவை ஓய விடாதது. ஈஸ்ட் இன்னும் முழு வேகத்தில் இருக்கும்போது சூட்டில் வைத்தால் மேலோடு முதலில் இறுகிவிடும். உள்ளே விரியும் மாவுக்கு வழி வேண்டும். புரிகள் சேரும் இடம்தான் பலவீனம், அங்கே கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. பின்னிய பின் 30 முதல் 40 நிமிடம் மூடி வைத்து, விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். குழி சட்டென்று நிரம்பினால் இன்னும் பொறுக்கவேண்டும். மெதுவாகப் பாதி நிரம்பினால் ஓவனுக்குப் போகலாம். எழும்பவே இல்லையென்றால் நேரம் கடந்துவிட்டது, உடனே சுட்டுவிடுங்கள். சடை பின்னுவதுபோல இறுக்கிப் பின்னவும் கூடாது. புரியை நீட்டும்போது ரப்பர் மாதிரி சுருங்கினால் வலிந்து இழுக்காமல் பத்து நிமிடம் துணி போட்டு விடுங்கள், தானே இளகும். புரிகளின் மேல் மைதாவைத் தூசாகத் தடவிவிட்டுப் பின்னினால் வெந்தபின் பின்னல் கோடு தெளிவாகத் தெரியும்.

கருகலுக்கு முட்டையும் 200 டிகிரிச் சூடும் காரணம். முட்டையும், இப்போது சேர்க்கச் சொன்ன சர்க்கரையும் சீக்கிரம் நிறம் கொள்ளும். 180 டிகிரி, கீழ்த்தட்டு, பதினைந்து நிமிடம் ஆனதும் மேலே அலுமினியத் தாள். சிறிய ஓவன்களின் குமிழ் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் 20 டிகிரி வரை வேறுபடலாம். உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்குவது புது அச்சுகள் வாங்குவதைவிட உபயோகம்.

நடுவில் வேகாததற்கு எளிய வழி, மொத்த மாவையும் ஒரே ரொட்டியாக்காமல் இரண்டாக்குவது. மேலே சொன்ன அளவில் ஏறத்தாழ 900 கிராம் மாவு வரும். ஒரு ரொட்டிக்கு 150 கிராமில் மூன்று புரி. 25 முதல் 28 நிமிடத்தில் வெந்துவிடும். நடுவில் 90 டிகிரி இருந்தால் முடிந்தது. யூத மேசையிலும் ஓய்வுநாளுக்கு இரண்டு ரொட்டிதான். வனாந்தரத்தில் ஆறாம் நாள் மன்னாவை இரட்டிப்பாகச் சேர்த்ததன் நினைவு, யாத்திராகமம் 16இல் இருக்கிறது.

இனி மாவைப் பிரிப்பது. எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தில், பிசைந்த மாவின் முதற்பலனைக் கர்த்தருக்குப் படைக்கச் சொல்லும் கட்டளை அதற்கு அடிப்படை. எருசலேம் தேவாலயம் இருந்த காலத்தில் அந்தப் பங்கு ஆசாரியருக்குப் போனது. வீட்டில் சுடுபவர் இருபத்துநான்கில் ஒரு பங்கு, விற்பனைக்குச் சுடுபவர் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா அளவு சொல்கிறது. இன்று ஆசாரியருக்குக் கொடுக்க வழியில்லாததால் ஓர் ஆலிவ் காயளவு கிள்ளி எடுத்து எரித்துவிடுகிறார்கள். கோதுமை, வாற்கோதுமை போன்ற ஐந்து தானியங்களுக்கே இந்தக் கடமை. அரிசி மாவுக்குக் கிடையாது. அளவும் உண்டு. பரவலான கணக்கின்படி சுமார் 1.2 கிலோவுக்குக் குறைந்த மாவில் பிரிக்கவே வேண்டியதில்லை, ஆசி சொல்ல 1.67 கிலோ அளவுக்கு மாவு வேண்டும். உங்கள் அரை கிலோ அந்தச் சட்டத்துக்குள்ளேயே வராது.

அதனால் அவர்களுடைய சடங்கையும் ஜெபத்தையும் அப்படியே எடுத்துச் செய்யவேண்டாம் என்பதே என் எண்ணம். அது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. நம் வீட்டில் வேஷமாகத்தான் நிற்கும். ஆனால் அதில் ஒன்றைக் கவனியுங்கள். பங்கை எடுப்பது மாவாக இருக்கும்போது. ரொட்டி எழும்புமா, பிளக்குமா, கருகுமா என்று யாருக்கும் தெரியாத நேரம். நன்றாக வந்தது என்பதற்காகச் சொல்லும் நன்றி இல்லை அது.

இதே காரியம் நம் பக்கத்திலும் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டுச் சபைக்குக் கொடுக்கும் கைப்பிடி அரிசி. அதுவும் சோறு வேகும் முன்பே எடுப்பதுதான். உங்கள் அத்தையைக் கேளுங்கள், அந்த டப்பா எந்த அலமாரியில் இருந்தது என்பதுவரை சொல்வார்கள். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் இன்றும் மிஷன் வேலைக்கு வரும் வருமானத்தில் இந்தப் பிடியரிசிக்குப் பெரிய இடம் உண்டு.

உங்கள் வீட்டில் இதை இப்படிச் செய்யலாம். இரண்டு ரொட்டிக்கும் மாவை நிறுத்துப் பிரித்த உடனே, எது வெளியே போகும் ரொட்டி என்று முடிவு செய்துவிடுங்கள். அதன்மேல் கறுப்பு எள், மற்றதன்மேல் கசகசா. பிறகு மாற்ற முடியாது. இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று சுடுகிற எல்லாருக்கும் தெரியும்: அழகாக வந்தது நம் மேசைக்கு, கோணலானது பக்கத்து வீட்டுக்கு. யாருக்குப் போகிறது என்பதையும் அப்போதே பெயர் சொல்லிவிடுங்கள். ஜெபம் வாய்ப்பாடாகிறது என்கிறீர்களே, "ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிற மாடி வீட்டு ஆச்சிக்கு" என்று பிள்ளை சொல்லிக்கொண்டே புரி உருட்டினால் அந்த வாரத்து ஜெபத்துக்கு வேறு வார்த்தை தேடவேண்டியதில்லை. தராசைப் பெரியவர் கையில் கொடுக்காதீர்கள், 150 கிராம் சரியாக வரவைப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை.

இன்னொரு வழக்கத்தையும் கடன் வாங்கலாம். யூதர்களிடம் நீண்ட ஜெபம் சாப்பிட்ட பிறகுதான். உபாகமம் 8:10 அதற்கு ஆதாரம். நாம் பசியோடு அவசரமாகச் சொல்லி முடிக்கிறோம். வயிறு நிறைந்தபின் பிள்ளைகளை ஐந்து நிமிடம் உட்காரவைப்பது கஷ்டம்தான். கஷ்டமாக இருப்பதால் வாய்ப்பாடாகும் அபாயமும் குறைவு.

ஓய்வுநாள் விஷயத்தில் அத்தை பக்கம்தான் நியாயம். யூத வீட்டிலும் வெள்ளி சூரியன் மறையும் முன் சுட்டு முடிந்திருக்கும், அதன்பின் புதிதாக நெருப்பு மூட்டக்கூடாது. வெள்ளி இரவு பிசைந்து, ஈஸ்டை 4 கிராமாகக் குறைத்து, எண்ணெய் தடவிய டப்பாவில் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். சனி காலை குளிர்ந்த மாவில் புரி உருட்டுவது சுலபம், ஒட்டாது. பின்னியபின் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடவேண்டியிருக்கும். முட்டையை ஒரு கரண்டித் தண்ணீரோடு அடித்துப் பின்னியதும் ஒருமுறை, ஓவனில் வைக்கும் முன் ஒருமுறை தடவுங்கள். எள்ளும் கசகசாவும் இரண்டாம் பூச்சின்மேல். நன்றாக ஆறியபின் துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் ஞாயிறு மதியம்வரை மென்மையாக இருக்கும். எள் ரொட்டியைச் சனி மாலையே கொடுத்தனுப்பிவிடுங்கள்.