திடநிலை சோடியம்-கந்தக பேட்டரி: கேத்தோடில் (கந்தகம் இருக்கும் மின்முனையில்) என்ன நடக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: திட எலெக்ட்ரோலைட்டில் (அயனி கடத்தும் திடப்பொருளில்) பாலிசல்ஃபைடு (சோடியத்தோடு கந்தகச் சங்கிலி சேர்ந்த இடைச்சேர்மம்) கரைய வழியில்லை. அப்படியானால் கந்தகம் நேரே சோடியம் சல்ஃபைடாகிவிடுமா?

லித்தியம்-கந்தக பேட்டரியின் கணக்கை இங்கே போடாதீர்கள். சோடியத்துக்குப் பென்டாசல்ஃபைடு, டெட்ராசல்ஃபைடு, டைசல்ஃபைடு எல்லாமே நிலையான திடப்பொருள்கள். அதனால் கரையாமலே படிப்படியாக இறங்க வழி உண்டு. ஒரு கிராம் கந்தகத்துக்கு டெட்ரா வரை 418, டை வரை 836, கடைசியாகச் சோடியம் சல்ஃபைடு வரை போனால் 1672 எம்ஏஎச் (மில்லியாம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு). டைசல்ஃபைடைத் தாண்டிய பின்பாதிதான் முரண்டு பிடிக்கும். சோடியம் சல்ஃபைடில் எலெக்ட்ரானும் ஓடாது, அயனியும் தவழும். 300 டிகிரிக்கு மேல் இயங்கும் உருகிய வகை அந்தப் பகுதிக்கே போவதில்லை, ட்ரைசல்ஃபைடு அளவிலேயே நிறுத்திக்கொள்கிறது.

கேள்வி: எனக்கு முதல் டிஸ்சார்ஜிலேயே 1672-ஐத் தாண்டுகிறது சார். நல்லதுதானே?

சந்தேகப்பட வேண்டிய எண் அது. திட எலெக்ட்ரோலைட்டான சோடியம் தயோபாஸ்பேட் சும்மா அயனி கடத்திக்கொண்டு இருக்காது. கார்பன் தொடும் இடமெல்லாம் தானும் ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் அடையும். கேத்தோடில் பாதி எடை அதுதான் என்றால் பங்கும் பெரிது. கந்தகம் இல்லாமல், அதே கார்பன், அதே எலெக்ட்ரோலைட், அதே அரைப்பு நேரம், அதே வோல்ட் எல்லையில் ஒரு வெற்று செல் ஓட்டிப் பாருங்கள். அதைக் கழித்து வருவதும் தோராயம்தான்: கந்தகத்தோடு சேர்ந்து அரைபடும்போது தொடுபரப்பே மாறிவிடுகிறது. வோல்ட்டை எதற்கு எதிராக அளந்தீர்கள் என்றும் எழுதுங்கள். சோடியம்-வெள்ளீய உலோகக் கலவைக்கு எதிரான எண்ணைச் சோடியத்துக்கு எதிரானதாக எழுதினால் வரைகோடே இடம் மாறிப்போகும்.

கேள்வி: கலவை விகிதம்?

கந்தகம் 25, அசிட்டிலீன் பிளாக் (கார்பன் தூள்) 25, எலெக்ட்ரோலைட் 50 (எடையில்) என்று தொடங்கலாம். முதலில் கந்தகத்தையும் கார்பனையும் அரையுங்கள், பிறகு எலெக்ட்ரோலைட் சேருங்கள். ஆர்கானில் மூடிய சிர்கோனியா ஜாடி. ஈரம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அது விஷ வாயு. கந்தகம் 115 டிகிரியில் உருகும் என்பதால் இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு அரைப்பது நல்லது.

கேள்வி: 10 மிமீ விட்டமுள்ள பெல்லட்டில் (அழுத்திய வில்லையில்) 4 மிகி கேத்தோடு. மின்னோட்டம் எவ்வளவு வைக்கலாம்?

கந்தகம் 1 மிகி. முழுக் கொள்ளளவும் 20 மணி நேரத்தில் தீரும் வேகத்துக்கு 0.084 மில்லியாம்பியர், பரப்பு 0.785 சதுர செமீ, ஆகவே சதுர செமீக்கு சுமார் 0.11 மில்லியாம்பியர். இதிலேயே ஆரம்பியுங்கள்.

கேள்வி: சில சுழற்சியிலேயே கொள்ளளவு சரிகிறது. கந்தகம் தீர்ந்துவிட்டதா?

எங்கும் போகாது, துண்டிக்கப்பட்டிருக்கும். ஒரு மோல் கந்தகம் 15.5 கன செமீ. அதிலிருந்து வரும் சோடியம் சல்ஃபைடு 42 கன செமீ. ஏறத்தாழ 2.7 மடங்கு. சார்ஜில் மறுபடி சுருங்கும்போது துகளுக்கும் எலெக்ட்ரோலைட்டுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. சோதிக்க, செல்லை ஓய்வில் விட்டு மின்னோட்டத்தை ஐந்தில் ஒன்றாகக் குறையுங்கள். கொள்ளளவு திரும்பினால் வேகச் சிக்கல், கலவையை நுணுக்கமாக்குங்கள். திரும்பாவிட்டால் தொடர்பு அறுந்தது; ஓடும்போது செல் மேல் அழுத்தம் நிலைக்கிறதா என்று பாருங்கள், போல்ட் தளர்ந்திருக்கலாம்.

கேள்வி: எக்ஸ்-ரே விளிம்பு விளைவுச் சோதனையில் (XRD) எந்த உச்சியும் தெரியவில்லையே?

அரைத்த கந்தகம் படிகமற்றது, தெரியாது. ராமன் நிறமாலையில் (லேசர் ஒளிச் சிதறலில்) 153, 219, 473 செமீ⁻¹ அலை எண்களில் கந்தகத்தைப் பிடிக்கலாம். ஆனால் தயோபாஸ்பேட்டின் 400-க்கு மேலான உச்சி பாலிசல்ஃபைடு பகுதியில் வந்து உட்காரும். லேசர் சக்தியைக் குறைத்தே வையுங்கள், இல்லாவிட்டால் கந்தகம் ஆவியாகும்.

கேள்வி: ஆனோடுக்கு நேரடியாகச் சோடியம் உலோகம்?

தயோபாஸ்பேட்டோடு வேண்டாம். தொட்ட இடத்தில் அது சோடியம் சல்ஃபைடும் பாஸ்பைடுமாகச் சிதையும், மின்தடை ஏறிக்கொண்டே போகும்.