பலூனில் போகிறவர்கள் வாடகை கொடுப்பதில்லை

கேள்வி: துருக்கிப் படம் என்றாலே உங்கள் பத்திரிகைக்கு இயக்குநர் நூரி பில்கே ஜெய்லான்தான். மூன்று மணி நேரம் பனியையும் மௌனத்தையும் பார்த்துவிட்டு உருகி உருகி எழுதுகிறீர்கள். ராத்திரி அடுக்களையை ஒழித்துப் போட்டுவிட்டு நான் நெட்ஃபிளிக்ஸில் பார்க்கும் துருக்கிக் காதல் நகைச்சுவைப் படங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. லேசான படம் என்றால் அத்தனை இளப்பமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இளப்பம் இல்லையம்மா. நானும் பார்க்கிறவன்தான். எங்கள் வீட்டில் ரிமோட் என் கையில் இருப்பதில்லை.

லேசாக இருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். வேலை முடித்து உட்காருகிறவருக்கு ஒன்றரை மணி நேரம் மனசு கனக்காமல் ஓடினால் அது சின்ன உபகாரமா என்ன? என் புகார் வேறு. இந்தப் படங்களில் யாரும் வாடகை கொடுப்பதில்லை.

2022இல் வந்த 'அஷ்க் தக்திக்லெரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். காதல் தந்திரங்கள் என்று பொருள். அவள் ஆடை வடிவமைப்பாளர், அவன் விளம்பரக் கம்பெனிக்காரன். எதிராளியைக் காதலில் விழவைத்துக் காட்டுவதாக ஆளுக்கொரு பக்கம் பந்தயம் கட்டுகிறார்கள். ஹாலிவுட் இருபது வருஷத்துக்கு முன்னால் போட்டுக் கழற்றிய சட்டை, பித்தான் மட்டும் புதுசு. நடுவில் கப்படோக்கியா என்ற பாறைப் பிரதேசம், பலூன், சூரிய உதயம். கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் துருக்கியின் பணவீக்கம் அரசுக் கணக்குப்படியே 85 சதவீதத்தைத் தாண்டியது. குடியிருப்புகளின் வாடகை தாறுமாறாக ஏறி, 25 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக்கூடாது என்று அரசே குறுக்கே விழ வேண்டியிருந்தது. படம் அதற்கு முன்பே வந்துவிட்டது, அதன் மேல் பழி போட முடியாது. அடுத்த ஆண்டு இரண்டாம் பாகம் வந்தது. அதில் ஜோடியின் தலைபோகிற கவலை, கல்யாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்பதுதான்.

உங்களுக்குப் பிடிக்காத ஜெய்லானும் அதே கப்படோக்கியாவில்தான் கேமராவை வைத்தார். 2014இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய 'குளிர்காலத் தூக்கம்', 196 நிமிடம். அங்கே ஒரு சின்னப் பையன் வீட்டுக்காரரின் வண்டிக் கண்ணாடியில் கல் எறிகிறான். ஏன் தெரியுமா? வாடகை பாக்கி. வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்துகொண்டு போய்விட்டார்கள். காதல் படத்தில் ஜப்தி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பலூனிலிருந்து பார்த்தால் கீழே ஒரு வீடாவது தெரியட்டும் என்கிறேன்.

இந்த வியாதி டிவியிலிருந்து தொற்றியது. 'திஸி' என்று அவர்கள் சொல்லும் தொடர்கள் வாரத்துக்கு ஒரு முறைதான் வரும், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வாராவாரம் ஒரு சினிமா நீளம்! அதை எதைக் கொண்டு நிரப்புவது? பார்வையைக் கொண்டுதான். அவன் பார்ப்பான், அவள் பார்ப்பாள், பின்னால் பியானோ. அதற்குமேல் போகவும் பயம். ஒளிபரப்பைக் கண்காணிக்கும் உயர்மன்றம் ஒழுக்கம், குடும்பம் என்று சொல்லி அபராதம் தீட்டிவிடும். திரையில் சிகரெட்டைக்கூட மங்கலாக்கிவிடுகிறார்கள். ஆகவே உதடுகள் நெருங்கும்போது சரியாக போன் மணி அடிக்கும். 'எர்கென்ஜி குஷ்' என்ற 2018 தொடரில் பெயர் வாங்கிய தெமெத் ஒஸ்தெமிர்தான் மேலே சொன்ன பந்தயப் படத்தின் நாயகி. நடிகர்களோடு பழக்கமும் கூடவே வந்துவிட்டது. தொடருக்காவது சாக்கு இருக்கிறது, ஒன்றரை மணி நேரப் படத்துக்கு அத்தனை பார்வை எதற்கு? அவன் பொறாமையில் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதைக் காதல் என்று காட்டுவதும் அங்கிருந்து வந்ததுதான். அதை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு பார்க்க முடிவதில்லை.

சரி, நல்லதைச் சொல்கிறேன். காதலர்களை விட்டுவிட்டுச் சுற்றி இருப்பவர்களைப் பாருங்கள்.

2015இல் வந்த 'கொஜான் கதர் கொனுஷ்' உங்கள் கண்ணில் பட்டதா? 'உன் புருஷன் எவ்வளவோ அவ்வளவு பேசு' என்று தலைப்பு. புருஷன் இல்லாதவள் வாயை மூடு என்பதுதான் உள்ளர்த்தம். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாத எஃப்சுனுக்கு, ஆண்பிள்ளையை மடக்குவது எப்படி என்று வீட்டுப் பெண்கள் கூடிப் பாடம் எடுக்கிறார்கள். எஃப்சுனாக நடிக்கும் எஸ்கி மோலா முகத்தைச் சுளிக்கும் ஒவ்வொரு சுளிப்பும் ஒரு வசனம். படம் அந்தப் பெண்களைக் கிண்டல் செய்கிறது, கடைசியில் அவர்கள் ஆசைப்பட்டதையே நடத்தியும் வைக்கிறது. அடுத்த பாகம் முழுக்கக் கல்யாண ஏற்பாடு. ஆனாலும் அந்தக் கூடத்துக் கூச்சல் பொய் இல்லை.

கூச்சலைக் காதால் கேளுங்கள், ஆங்கிலக் குரல் மாற்றத்தில் பார்க்காதீர்கள். அம்மாவின் சகோதரி தெய்ஸெ, அப்பாவின் சகோதரி ஹாலா. தாய்மாமன் தாயி, அப்பாவின் சகோதரன் அம்ஜா. ஆங்கிலம் இவர்கள் எல்லோரையும் 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்று இரண்டு மூட்டையாகக் கட்டிவிடும். அத்தையின் குத்தலுக்கும் சித்தியின் குத்தலுக்கும் வித்தியாசம் தெரிந்த நமக்கு அது பெரிய நஷ்டம். அம்மாவை 'அன்னெ' என்று கூப்பிடுவதைக் கேட்டு நான் ஒரு தரம் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

லேசான படத்தை இதே துருக்கிக்காரர்கள் எவ்வளவு நன்றாகச் செய்தவர்கள் என்பதுதான் என் ஆற்றாமை. இஸ்தான்புல்லின் பெயோலு பகுதியில் யெஷில்சாம் என்று ஒரு தெரு. அந்தப் பெயரே அவர்களின் பழைய சினிமா உலகத்துக்கும் பெயராகிவிட்டது. 1972இல் மட்டும் முந்நூறை ஒட்டிய எண்ணிக்கையில் படம் எடுத்தார்கள், பாதிக்கு மேல் குப்பை என்றே வையுங்கள். அந்த மரபில் 1978இல் ஓர்ஹான் அக்சோய் எடுத்தது 'நெஷெலி குன்லெர்', குதூகல நாட்கள். ஊறுகாய்க்கடை வைத்திருக்கும் கணவன் மனைவி (நடிப்பு முனிர் ஒஸ்குல், ஆதிலெ நாஷித்) பிரிந்துவிடுகிறார்கள். காரணம்? ஊறுகாய்க்கு எலுமிச்சைச் சாறா, வினிகரா என்ற சண்டை! பிள்ளைகளைப் பங்கு போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். இதைவிட லேசான கதை உண்டா? ஆனால் அந்தப் படத்தில் ஜனங்கள் கடை திறக்கிறார்கள், ஜாடி கழுவுகிறார்கள், பசித்திருக்கிறார்கள். காதல் அந்தச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றித்தான் நடக்கிறது.

புதியவற்றில் ஒன்று சொல்லுங்கள் என்றால் 2020இன் 'யாரினா தெக் பிலெத்'. ஒரு சுவீடன் படத்தின் மறு ஆக்கம்தான், மறைக்கவில்லை. அங்காராவிலிருந்து இஸ்மீர் போகும் ரயிலில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே பெட்டியில் மாட்டிக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டே போகிறார்கள். பலூன் இல்லை, பங்களா இல்லை. பேச்சு நன்றாக இருந்தால் ஒரு ரயில் பெட்டியே போதும்.

அப்புறம், பெண் கேட்டு வரும் காட்சி எந்தப் படத்தில் வந்தாலும் ஓட்டிவிடாதீர்கள். பெண் காபி போட்டு எடுத்து வருவாள், மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் உப்பு. முகம் கோணாமல் அவன் குடித்தாக வேண்டும், அது அங்கே வழக்கம். கேமரா அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஹாலாவைப் பாருங்கள்.