இரட்டை வேடத்துக்குக் கிரீன் மேட் எதற்கு?

கேள்வி: அண்ணன், தம்பி இருவராகவும் ஒரே நடிகர் நடிக்கும் குறும்படம் எடுக்கிறேன். இருவரும் சேர்ந்து வரும் ஷாட்கள் ஒன்பது. எல்லாமே எங்கள் வீட்டுக் கூடத்தில். மொத்த பட்ஜெட் 3 லட்சம். கிரீன் மேட் (பின்னணியை மாற்ற நடிகருக்குப் பின்னால் கட்டும் பச்சைத் துணி) இல்லாமல் இது நடக்காது என்று சொல்லும் சி.ஜி. (கணினி வரைகலை) ஒருங்கிணைப்பாளர் ஒருவர் 1 லட்சத்து 80 ஆயிரம் கேட்கிறார். பாதி முன்பணமாம். கொடுக்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: கொடுக்காதீர்கள். கேமரா அசையாத ஷாட்டில் இரட்டை வேடத்துக்குக் கிரீன் மேட் தேவையே இல்லை. நடிகர் முதலில் இடப்பக்கம் அண்ணனாக நடிக்கட்டும். உடை மாற்றி வந்து வலப்பக்கம் தம்பியாக நடிக்கட்டும். பிறகு ஒன்றின் இடப்பாதியையும் மற்றதன் வலப்பாதியையும் சேர்த்து ஒட்டுவதுதான் வேலை. பிரான்சில் ஆரம்பகால இயக்குநர் ஜார்ஜ் மெலியஸ் ஒரே படச்சுருளில் திரும்பத் திரும்பப் பதிவு செய்து, தன்னையே ஏழு வாத்தியக்காரர்களாகத் திரையில் உட்காரவைத்தது 1900-ல். தமிழில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்டது 1940-ல். அன்று எந்தக் கணினி இருந்தது?

ஒட்டும் வேலைக்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். தூண், கதவு நிலை போல நேர்கோடாக நிற்கும் ஒன்றின் மீது ஒட்டுக்கோடு விழும்படி ஃப்ரேம் வையுங்கள். கோட்டின் ஓரத்தைச் சற்று மங்கலாக்கினால் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் நிழல் மற்றவர் பாதியில் விழக்கூடாது.

காரியம் கெடுவது படப்பிடிப்பில்தான். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் தானியங்கியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்டெபிலைசேஷனை (ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதி) அணைத்துவிடுங்கள், டிரைபாடில் நிற்கும்போதும் அது ஃப்ரேமை மெல்ல நகர்த்திவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகம் 1/50 விநாடி இருக்கட்டும். 1/60 போலப் பொருந்தாத வேகம் வைத்தால் டியூப்லைட் வெளிச்சம் துடிக்கலாம், இரண்டு பாதியும் ஒரே தாளத்தில் துடிக்காது. அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையில் ஃபோகஸை மாற்றாதீர்கள், பல லென்ஸ்களில் படத்தின் அளவே மாறிவிடும். இருவரையும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் நிறுத்துங்கள். மின்விசிறி, சுவர்க் கடிகாரம், ஜன்னல் திரை எல்லாம் ஓயட்டும். நடிகர் உடை மாற்றுவதற்குள் வெயில் நகர்ந்துவிடும். ஆகவே இரவில், விளக்கு வெளிச்சத்தில் எடுங்கள். பேட்டரியையும் கார்டையும் முதல் டேக்குக்கு முன்பே மாற்றிவிடுங்கள். பல கேமராக்களில் பேட்டரி அடியில் இருக்கிறது. இடையில் மாற்ற டிரைபாடிலிருந்து கழற்றினால் அந்த ஷாட் போயிற்று.

அண்ணன், தம்பி இருவரில் யார் பேச்சை இழுத்துச் செல்கிறாரோ அவரை முதலில் எடுங்கள். அந்த வசனத்தைச் சிறிய இயர்போனில் கேட்டுக்கொண்டே நடிகர் மற்றவராக நடித்தால் நேரம் தவறாது. பார்வை சரியாக விழ, எதிரே அதே உயரத்தில் ஒரு குச்சி நட்டால் போதும்.

ஒரே ஒரு விஷயம் இந்த முறைக்கு அடங்காது: ஒட்டுக்கோட்டைக் கை தாண்டுவது. அண்ணன் தம்பிக்கு காபி டம்ளர் நீட்டுகிறார் என்று வையுங்கள். கை கோட்டைத் தாண்டியதும் அறுந்துபோகும். சரிசெய்ய ஒவ்வொரு ஃப்ரேமிலும் கையின் விளிம்பைத் தனியாக வரைந்து வெட்ட வேண்டும். 4 விநாடி ஷாட் என்றால் நூறு ஃப்ரேம். பதிலாக, நடிகரின் உடல்வாகு கொண்ட ஒருவருக்குத் தம்பியின் சட்டையை மாட்டி, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அண்ணனை எடுங்கள். அவர் உண்மையாகவே கை நீட்டி டம்ளரை வாங்கட்டும். பிறகு இடம் மாற்றி, அவருக்கு அண்ணனின் சட்டை. கடைசியில் இருவரும் ஒன்றாக அமர்ந்திருக்கும் ஒட்டு ஷாட்; டம்ளர் ஏற்கெனவே தம்பி கையில். கொடுத்து வாங்கியதைப் பார்த்ததாகவே பார்வையாளர் நம்புவார். கட்டிப்பிடிக்கும் காட்சியும் இப்படித்தான்.

இப்போது அந்த ஒருங்கிணைப்பாளர். அவர் கேட்கும் துணியை உங்கள் கூடத்தில் கட்டி, இரண்டு விளக்கில் எடுத்தால் துணி சுருங்கும், பச்சை நிறம் நடிகரின் தலைமுடியிலும் கன்னத்திலும் ஏறும். அதைச் சுத்தம் செய்யத் தனிக் கட்டணம் வரும். அவரே உண்டாக்கிய வேலைக்கு அவரே பில் போடுவார். நான் பார்த்த ஒருங்கிணைப்பாளர்கள் பலர் கணினியைத் தொடுவதே இல்லை. வேலையைச் சொற்பக் காசுக்கு ஒரு மாணவனிடம் தள்ளிவிட்டு, மீதியைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். பணத் தகராறு வந்ததும் ஒருங்கிணைப்பாளர் ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பித் தராமல் இழுத்தடித்ததால் முதல் படத்தையே முடிக்காமல் விட்ட இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். மூலக் காட்சிகளின் ஒரே பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள். யாரை அமர்த்தினாலும், மாதிரிக்கு ஒரு ஷாட் முடித்துக் காட்டிய பிறகே பணம். அதுவும் ஷாட் கணக்கில், எழுத்தில்.

லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பயிற்சி நிலையங்கள் மென்பொருளின் பொத்தான்களைச் சொல்லித் தருகின்றன. டிரைபாடை ஏன் பூட்ட வேண்டும் என்று சொல்லித் தருவதில்லை. அங்கே படித்து வருகிறவரிடம் எதைக் கேட்டாலும் "மேட் கட்டுங்கள்" என்கிறார். இந்த அறியாமைக்கு உங்களைப் போன்றவர்கள் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று எனக்குக் கோபமாகவே வருகிறது.

அந்த ஒருங்கிணைப்பாளருக்குப் பதில் சொல்லும் முன், இன்றிரவே கைபேசியை டிரைபாடில் பூட்டி, எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் நிலைநிறுத்தி, அதே கூடத்தில் ஒரு ஷாட் எடுத்து ஒட்டிப் பாருங்கள்.