ஆஷ் மெடோஸ்: ஊற்று திரும்பியது, ஓடை திரும்பவில்லை (கேள்வி பதில்)

அமெரிக்காவின் நெவாடாவில், டெத் வேலிக்குக் கிழக்கே இருக்கிறது ஆஷ் மெடோஸ். சுற்றிலும் பொட்டல், நடுவில் வெதுவெதுப்பான ஊற்றுகளும் சதுப்பும். 1960, 70களில் நிலத்தை உழுது, நிலத்தடி நீரை உறிஞ்சி, அந்த இடத்தையே அழியும் நிலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நடந்துவரும் சீரமைப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

சார், எங்கோ போட்ட போர்வெல்லால்தான் இங்கே நீர் இறங்கியது என்று எப்படி நிரூபித்தார்கள்?

ஒரு செப்பு வாஷரை வைத்து! ஆஷ் மெடோஸில் டெவில்ஸ் ஹோல் என்ற பாறைப் பிளவுக்குள் ஒரு குளம் உண்டு. உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாத ஒரு வகை பப்ஃபிஷ் என்ற சின்ன மீன் அதில் வாழ்கிறது. 1962-ல் நீர்மட்டம் அளக்கப் பாறையில் ஒரு செப்பு வாஷரைப் பொருத்தினார்கள். தண்ணீர் அதற்கு 1.2 அடி கீழே அசையாமல் நின்றது. 1968-ல் இரண்டரை மைல் தள்ளி ஒரு பண்ணை நீர் இறைக்கத் தொடங்கியது. 1969-ல் 2.3 அடி, 1970-ல் 3.17, 1972-ல் 3.93. மூன்றடிக்குக் கீழே போனால் மீன் முட்டையிடும் பாறைத் திட்டு வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். அடியில் இருப்பது வெடிப்பு விட்ட சுண்ணாம்புப் பாறை. அங்கே உறிஞ்சினால் இங்கே இறங்கும். 1976-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மீன் பக்கம் நின்று, பண்ணை இறைப்பதற்கு வரம்பு வைத்தது சரி என்றது.

அப்போ மோட்டாரை நிறுத்தினாலே ஓடை தானாகத் திரும்பியிருக்குமே, அண்ணா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம் தம்பி. ஜாக்ராபிட் ஊற்று இறைத்து இறைத்தே வற்றிப்போனது. பம்பு நின்றபின் நீர் திரும்பியது. ஆனால் அந்த வட்டாரத்து ஓடைகளை ஏற்கெனவே நேர் வாய்க்கால்களாக்கி, சில இடங்களில் காங்கிரீட்டும் பூசியிருந்தார்கள். கார்சன் சதுப்பில் கரிமண் எடுக்க வடிகால் வெட்டிவிட்டார்கள். ஊற்றில் நீர் இருந்தும் சதுப்புக்குப் போய்ச் சேர வழியில்லை. 1984-ல் நேச்சர் கன்சர்வன்ஸி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு நிலத்தை வாங்கி அரசிடம் சேர்த்து, அது சரணாலயமான பிறகுதான் வாய்க்காலை மூடி, பழைய தடத்தைத் தேடிப் புது ஓடை வெட்டும் வேலை ஊற்று ஊற்றாக நடந்தது.

அந்த வெட்டில்தான் சூட்சுமம். ஓடையை அகலமாக வெட்டினால் நீர் தேங்கும், ஆறிப்போகும், சம்பங்கோரை மண்டும், வெளியிலிருந்து வந்த, இறால் போன்ற கிரேஃபிஷுக்கு வீடாகும். ஒடுக்கமாக, சரளைக்கல் மேல் ஓடவிட்டால் நீர் சூடு குறையாமல் வெகுதூரம் போகும். பாயின்ட் ஆஃப் ராக்ஸ் ஊற்றில் ஒரு சின்ன நீர்ப்பூச்சி இருக்கிறது. வேகமான நீருக்கடியில் சரளை இடுக்கில் மட்டுமே பிழைக்கும். அதற்காக ஓடையின் சரிவைக் கணக்குப் போட்டவர்களை மனமாரக் கும்பிடத் தோன்றுகிறது. அங்கே மரப்பாலத்தில் குனிந்து பாருங்கள்: விரலளவு நீல மீன், தன் எல்லைக்குள் வரும் இன்னொன்றை விரட்டி விரட்டி ஓட்டும்.

ஈரநிலம் என்றால் கொசு வருமே, கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீனை விட்டார்களா?

விட்டது முன்னோர் தவறு. இப்போது பிடித்து அகற்றுகிறார்கள். நம் ஊர்க் கிணறுகளில் விடுகிற அதே மீன்தான். உள்ளூர் மீன் குஞ்சுகளையும் தின்னும், இரைக்கும் போட்டி போடும். யாராவது தன் வீட்டுத் தொட்டி மீனை நீர்நிலையில் கொட்ட நினைத்தால், கையைப் பிடித்துத் தடுங்கள்.

அங்கேயும் சீமைக்கருவேலம் வெட்டுகிறார்களாமே?

இல்லை, அவர்கள் வெட்டுவது டாமரிஸ்க். ஆசியாவிலிருந்து வந்தது, ஓடையோரம் அடைத்துக்கொள்ளும். நம் சீமைக்கருவேலத்தின் உறவுக்கார மரமான மெஸ்கீட் அங்கே சொந்த மரம். அதைக் காக்கிறார்கள்.

இப்போதாவது ஆபத்து நீங்கியதா சார்?

நீங்கவில்லை. டெவில்ஸ் ஹோல் மட்டம் 1968-க்கு முந்தைய அளவுக்கு முழுதாக ஏறவில்லை; 2013-ல் அந்தக் குளத்தில் எண்ணியபோது மீன் வெறும் 35. 2023-ல் சரணாலயத்தின் ஓரத்திலேயே லித்தியம் தேடித் துளையிட அனுமதி கொடுத்து, எதிர்ப்பு வந்ததும் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அடுத்த விண்ணப்பம் வந்தால், துளைபோடும் முன்பே சுற்றியுள்ள ஊற்றுகளில் மட்டத்தை அளந்து வைக்க வேண்டும். 1962-ல் யாரோ பாறையில் வாஷர் பொருத்தியிராவிட்டால், நீதிமன்றத்தில் காட்ட என்ன இருந்திருக்கும்?