எந்தச் சட்டம்?

ஐயா, வணக்கம். 2022 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு இறங்கியபோது நாடு முழுக்க ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். அது கருத்துச் சுதந்திரத்தைப் பறிப்பது என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஊரடங்கு காலைத்தானே கட்டுகிறது, வாயை இல்லையே? வீட்டிலிருந்து பேஸ்புக்கில் எழுதலாம். பஸ்ஸைக் கொளுத்தினால் அரசு வேறென்ன செய்யும்? 2020இல் அமெரிக்காவிலும் போட்டார்கள்தானே?
ம., வவுனியா

அன்புள்ள ம.,

அமெரிக்காவை விடுங்கள். பஸ் கொளுத்தியவனைப் பிடிக்கட்டும், அதற்கு இரண்டு கோடிப் பேரை ஏன் பூட்ட வேண்டும்? பேஸ்புக்கா? ஏப்ரல் 2 மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு தொடங்கியது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் முடக்கினார்கள். அன்று எதில் எழுதினீர்கள், சுவரிலா?

என்னைக் குத்தியது உங்கள் கேள்வி அல்ல, 'ஊரடங்குச் சட்டம்' என்ற சொல். வானொலி சொல்லிச் சொல்லி நமக்கும் பழகிவிட்டது. அது சட்டமே இல்லை, தம்பி. சட்டம் என்பது 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அதன் 16ஆம் பிரிவில் ஜனாதிபதி வர்த்தமானியில், அதாவது அரசிதழில், கட்டளை போடலாம். இன்ன பகுதியில், இன்ன நேரத்தில் வீதியிலோ பூங்காவிலோ கடற்கரையிலோ அனுமதிப் பத்திரம் இல்லாமல் நிற்கக் கூடாது என்று. ஏப்ரலில் அப்படி ஒரு தாளாவது இருந்தது. ஜூலை 8 இரவு ஒன்பது மணிக்குக் கொழும்பில் போட்டது 'பொலிஸ் ஊரடங்கு'. அப்படி ஒரு பண்டம் எந்தச் சட்டத்திலும் கிடையாது. சட்டத்தரணிகள் சங்கம் அதைச் சொன்னது, விடிந்ததும் எடுத்துவிட்டார்கள். 2020 கொரோனாக் காலத்தில் வர்த்தமானி இல்லாமலே பல்லாயிரம் பேரைப் பிடித்தார்களே, அப்போது நீங்களும் நானும் 'எந்தச் சட்டம்?' என்று கேட்டோமா? 'சட்டம்' என்று பெயர் வைத்துவிட்டால் கேட்கத் தோன்றாது. தாளைக் காட்டச் சொல்லுங்கள். தாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உயர் நீதிமன்றத்தில் எதிர்த்து நிற்கலாம். அதற்கும் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதம்தான்.

காலையா வாயையா என்று கேட்டீர்கள். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஜீப் ஒன்று ஒலிபெருக்கியோடு போகும். அப்பா சைக்கிளை உள்ளே தள்ளிப் படலையைச் சாத்துவார். பிறகு வேலிப் பொட்டு, வேலியில் இருந்த ஓட்டை, அதுதான் எங்களுக்குச் சந்தி, சந்தை எல்லாம். அதால்தான் சீனி வரும், மண்ணெண்ணெய் போகும், செய்தியும் வரும். கதைக்கக் கூடாதென்று அந்த ஒலிபெருக்கி ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா பொட்டடியில் குனிந்து, "சீனி கிடக்கோ?" என்று ஊருக்கே கேட்கக் கேட்பார். "மூத்தவன் வந்திட்டானோ?" என்பதை மட்டும் வாயசைப்பில் கேட்பார். அந்தப் பக்கத்து அக்காவும் தலையைத்தான் ஆட்டுவார்.